சிலேட்டு பிடித்து நிற்கும் ஆள்

அட்டன்,
18.1.1955

அன்புள்ள தம்பி அழகுமுத்துவுக்கு,

டப்பாக்கள் பதினொன்றும் இருக்கின்றன. சொன்னவர் பெரியமட்டம் தோட்டத்துப் பெரிய பங்களாவின் சமையல்காரர் இராயப்பன். ஞாயிற்றுக்கிழமை நானே டயகம போய், அங்கிருந்து நடந்து, கண்ணால் பார்த்தும் வந்தேன். நலம் விசாரிக்குமுன் செய்தியைச் சொல்லிவிட்டேன். நிருபர் வேலையின் பழக்கம். நாங்கள் நலம். சென்னை வெயிலில் உன் இருமல் விட்டதா?

லோகன் துரை 1946இல் சீமைக்குப் போனபோது விட்டுப்போன சிறுத்தைப் படச்சுருள்கள் கிடைக்குமா, உங்கள் சினிமாக் கம்பனிக்கு வேண்டும் என்று கேட்டிருந்தாய். அவை பங்களாப் பரணில் ஒரு தேயிலைப் பெட்டிக்குள் இருந்தன. "இப்ப இருக்கிற துரைக்கு அதுமேல ஆசை இல்லீங்க. நெருப்புப் புடிக்கிற சாமான், யாராச்சும் கேட்டா குடுத்துத் தொலைன்னு சொல்லிட்டாரு" என்றார் இராயப்பன். ஏழு டப்பாவின் மேல் சிறுத்தை என்றும் நான்கின் மேல் மரைமான் என்றும் துரை எழுதியிருக்கிறார். தேதி எழுதியிருந்த இடத்தைப் பூச்சி அரித்துவிட்டது. நீ சொன்னபடி அளந்தேன்: அகலம் ஒன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. மோந்தும் பார்த்தேன், கெட்ட வாடை இல்லை. ஒன்றில் மட்டும் விளிம்பு பிசுபிசுக்கிறது.

நாலைந்து சுருள்களின் தொடக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நெகட்டிவ் ஆனபடியால் கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் இருக்கிறது. எல்லாவற்றிலும் முதலில் ஒரு ஆள் சிலேட்டு போல ஒன்றைப் பிடித்து நிற்கிறான். முகம் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்திருப்பதால் யாரென்று தெரியவில்லை. அது உனக்கு வேண்டாததாக இருக்கும். அதற்குப் பிறகுதான் காடு.

உன் அக்கா காளியாயி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். அவள் புருஷன் வீரய்யா மாப்பிள்ளைக்கு மார்ச் 22ஆம் தேதி நுவரெலியாவில் பிரஜாவுரிமை விசாரணை. 1951இல் கொடுத்த மனு இப்போதுதான் எழுந்திருக்கிறது.

உன் அண்ணன்,
பொன்னையா


கோடம்பாக்கம், சென்னை,
30.1.1955

மதிப்புக்குரிய அண்ணன் அவர்களுக்கு,

வணக்கம். இருமல் போய்விட்டது; வேலைதான் போக விடவில்லை. அங்கே பனி எப்படி? அண்ணிக்கு மூட்டுவலி குறைந்ததா?

உங்கள் கடிதத்தை எங்கள் எடிட்டரிடம் படித்துக் காட்டினேன். கதாநாயகியின் எதிரே சிறுத்தை வந்து நிற்க வேண்டிய காட்சி. சர்க்கஸிலிருந்து ஒன்றைக் கூட்டிவந்தோம். விளக்கைப் போட்டதும் அது படுத்துத் தூங்கிவிட்டது. எழுப்பினால் கொட்டாவி விடுகிறது. பம்பாயில் ஒரு கம்பனி வைத்திருக்கும் சுருளை வரவழைத்தோம். நல்ல சிறுத்தைதான், ஆனால் பின்னால் ஒட்டகச்சிவிங்கி மேய்கிறது. கதை நடப்பது மேற்குத் தொடர்ச்சி மலையில். முதலாளி வரிப்புலிதான் வேண்டும் என்று நின்றார். இலங்கையில் அது கிடையாது, புள்ளிதான் உண்டு என்று சொல்லி ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தேன்.

ஒன்று முக்கியம். உரிமைக் கடிதம் இல்லாமல் ஓர் அடிச் சுருளையும் எங்கள் வக்கீல் தொடவிட மாட்டார். படம் பிடித்தது யார், எங்கே, எந்தப் படத்துக்கு எத்தனை அடி கொடுக்கிறார், என்ன நிபந்தனை என்று எழுதி ஒப்பமிட வேண்டும். துரை காலமாகிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். துரைசானியைக் கண்டுபிடிக்க முடியுமா?

சிலேட்டு பிடிக்கிற ஆளைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். தலைப்பக்கத்தை முதலில் வெட்டிப் போடுவதுதான் எங்கள் வேலை.

வீரய்யா மச்சானுக்கு ஒன்றும் ஆகாது. அப்படியே ஆனாலும் இங்கே வந்துவிடட்டும். அக்கா கைச் சோறு தின்று ஆறு வருடமாகிறது.

தங்கள் தம்பி,
அழகுமுத்து


அட்டன்,
8.4.1955

அன்புள்ள தம்பிக்கு,

நலம், உன் நலமே வேண்டும். டப்பாக்கள் ஏப்ரல் 2ஆம் தேதி கொழும்பிலிருந்து புறப்பட்டன. தபாலில் இந்தச் சாமானை ஏற்பதில்லை. படப் பிரதிகளை அனுப்பி வாங்கும் விநியோகஸ்தர் ஒருவர் தம் இரும்புப் பெட்டியில் சேர்த்துக்கொண்டார். அவருடைய ரசீது என்னிடம் இருக்கிறது.

துரைசானியின் முகவரியை நுவரெலியாவில் பழைய கிளப் எழுதுவினைஞர் கொடுத்தார். அவரது பதில் ஸ்கொட்லாந்திலிருந்து மார்ச் 19ஆம் தேதி வந்தது. வேண்டிய பகுதியைத் தமிழில் தருகிறேன்: 'என் கணவருக்குக் கால் ஊனம். காட்டுக்குள் ஊர்ந்து போக அவரால் ஆகாது. ஒவ்வொரு சுருளிலும் சிலேட்டு வரும் சில விநாடி மட்டுமே அவர் எடுத்தது. பிறகு கமெராவை வீரய்யா வாங்கிக்கொண்டு தனியே போவார். விலங்குகள் எல்லாம் வீரய்யா எடுத்தவை. எனக்குள்ள உரிமையை அவருக்கே விடுகிறேன்.'

ஆகவே உரிமைக் கடிதம் கொடுக்க வேண்டியவர் நம் மாப்பிள்ளை. அவர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போய்ச் சொன்னேன். காளியாயி சிரித்தாள். "இந்த மனுசன் காட்டுல தூங்கிட்டு வந்தாருன்னு இல்ல பத்து வருசமா நெனச்சேன்" என்றாள். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. நான் படித்துக் காட்டியதை இரண்டு முறை கேட்டுவிட்டு, "மச்சான், ரெண்டு விசயம் சேத்து எழுதுங்க. அது செத்துப்போற மாதிரி ஒட்டக் கூடாது. பாறையில வந்து நின்னுச்சு, பாத்துச்சு, போயிருச்சு. அவ்வளவுதான். அப்புறம் குடுத்த சுருளு அத்தனையும் திரும்பி வரணும்" என்றார். எழுதினேன். இடது கையை நீட்டிப் பெருவிரல் ரேகை வைத்தார். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி சுண்டுவிரலில் பாதியை எடுத்துக்கொண்ட கை அது; மை தடவும்போது அந்த மொட்டை விரல்தான் முதலில் மையில் தோய்ந்தது.

மார்ச் 22 விசாரணை நடந்தது. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

பொன்னையா


கோடம்பாக்கம்,
26.4.1955

அண்ணன் அவர்களுக்கு வணக்கம்.

சுகமாக இருக்கிறேன். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன். பெட்டி 19ஆம் தேதி வந்தது. சிறுத்தை வரும் பகுதிகளுக்கு மட்டும் பிரதி போட்டு நேற்றுத் திரையில் பார்த்தோம்.

அண்ணா, என்னத்தைச் சொல்ல. மூடுபனிக்குள் ஒரு பாறை. ஒன்றுமே இல்லை. எடிட்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பாறையின் ஒரு பக்கம் அசைந்தது. அதுதான் சிறுத்தை, அவ்வளவு நேரமும் அங்கேதான் இருந்திருக்கிறது. எழுந்து, இடமிருந்து வலமாக நடந்து, நின்று, நேரே மச்சானைப் பார்த்தது. காலை ஒருமுறை நக்கிக்கொண்டது. போய்விட்டது. கமெரா ஓர் இழைகூட நடுங்கவில்லை. முதலாளி எழுந்து நின்றுவிட்டார். யார் எடுத்தது என்றார். என் மச்சான் என்றேன்.

சாகக் கூடாது என்ற நிபந்தனைக்கு டைரக்டர் முணுமுணுத்தார். வேறு சிறுத்தை இல்லாததால் கதாநாயகனின் ஈட்டியைப் பிடுங்கிவிட்டார்கள். ஜூலையில் படம் வெளியாக வேண்டும். மாற்று நெகட்டிவ் எடுக்க நேரமில்லாததால் மூலத்திலேயே வெட்டச் சொல்கிறார்கள். நாளை காலை சிறுத்தைச் சுருள் ஏழையும் நானே வெட்டப் போகிறேன். மரைச் சுருள் நான்கும் இந்தப் படத்துக்கு வேண்டாம், அப்படியே இருக்கின்றன.

விசாரணை நடந்து ஒரு மாதம் தாண்டிவிட்டது; பிறகு எழுதுவதாகச் சொன்னீர்கள், இன்னும் எழுதவில்லை.

அழகுமுத்து


அட்டன்,
6.5.1955

தம்பிக்கு,

நலம் பற்றி அடுத்த கடிதத்தில். உன் 26ஆம் தேதிக் கடிதம் இன்று காலைதான் கிடைத்தது. சிறுத்தைச் சுருள்களை வெட்டாதே. வெட்டியிருந்தால் தலைப்பக்கத் துண்டுகளை எறியாதே. நாளை தபாற்கந்தோர் திறந்ததும் இதையே, மாப்பிள்ளையின் மனுவுக்குச் சாட்சி என்ற காரணத்தோடு, தந்தியாகவும் அடிப்பேன்.

விசாரணையில் நடந்தது இது. நான் அறையில் இருந்தேன். 1939 முதல் 1945 முடிய மாப்பிள்ளை இந்த நாட்டிலேயே இருந்ததைக் காட்ட வேண்டும். இடையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் விடுபடக் கூடாது. தோட்டத்துத் தொழிலாளர் பேர்ப்பதிவைக் கொண்டுவந்து வைத்தார்கள். 1942 வரை சரி. பிறகு அவர் பெயருக்கு நேரே 'நீங்கினார், 9.1.1943' என்று எழுதியிருக்கிறது. எழுத்து மிகத் தெளிவு. நீங்கியவர் இந்தியாவுக்குப் போயிருப்பார் என்பது அதிகாரியின் எண்ணம். பங்களாவில் துரையோடு இருந்ததாக மாப்பிள்ளை சொன்னார். பிள்ளைகளின் பிறப்புச் சான்று 1940, 1947, நடுவில் ஒன்றுமில்லை. துரைசானியின் கடிதத்துக்கு நகல் எடுத்து வைத்தார்கள், அது மட்டும் போதாது என்றார்கள். மனு நிராகரிக்கப்பட்டால் மாப்பிள்ளைக்கும் காளியாயிக்கும் பிள்ளைகளுக்கும் இந்த நாட்டில் இடமில்லை.

ஞாயிறு லயத்தில் இதைப் பேசிக்கொண்டிருந்தோம். "அந்த மூணு வருசம் உங்களப் பாத்தவங்க யாராச்சும் இருக்காங்களா, யோசிச்சுச் சொல்லுங்க" என்று கேட்டேன். "சிறுத்ததான் பாத்துச்சு. அத வேணா கூட்டிட்டுப் போவமா?" என்றார். காளியாயி அவர் தோளில் அடித்தாள்.

அதைக் கேட்ட பிறகுதான் துரைசானியின் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். அந்தச் சில விநாடி கமெரா துரையிடம் இருந்தது என்றால், எதிரே சிலேட்டு பிடித்து நிற்கும் ஆள் மாப்பிள்ளைதான். சிலேட்டில் இருப்பது தேதி. நான் கையில் பிடித்துப் பார்த்து, வேண்டாதது என்று உனக்கு எழுதியது அதைத்தான்.

பொன்னையா


அட்டன்,
30.5.1955

அன்புள்ள தம்பிக்கு,

நீ நலமா என்பதே இப்போது என் முதல் கேள்வி. 7ஆம் தேதி அடித்த தந்தி அன்றே உன்னிடம் சேர்ந்தது என்று இங்குள்ள தபாலதிபர் விசாரித்துச் சொன்னார். இருபத்து மூன்று நாளாகிறது.

இரண்டாம் விசாரணை ஆகஸ்ட் 8ஆம் தேதி. அறிவித்தல் வந்துவிட்டது. புதிய சாட்சியம் இருந்தால் அன்று கொண்டுவர வேண்டும். மறு தவணை இல்லை.

நேற்று லயத்துக்குப் போனேன். காளியாயி டீ கொடுத்தாள். "தம்பி காயிதம் போட்டுச்சா?" என்றாள். இல்லை என்றேன். "அது சின்னதுலேருந்து அப்படித்தான். எதையாச்சும் ஒடச்சுட்டா வாயத் தொறக்காது" என்று சொல்லிவிட்டுக் கொழுந்துக்கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஒரு வரி எழுது.

பொன்னையா


கோடம்பாக்கம்,
15.6.1955

அண்ணன் அவர்களுக்கு,

வணக்கம். உடம்பு நலம்தான். அக்கா சொன்னது சரி.

ஏப்ரல் 27ஆம் தேதி காலை ஏழு சுருளின் தலையையும் என் கையால் வெட்டிக் கூடையில் போட்டேன். கழிவுச் சுருளை மாதம் ஒருமுறை ஓர் ஆள் வந்து மூட்டையாக வாங்கிப் போவார். கழுவி வெள்ளி எடுப்பார்கள். மிச்சம் வளையல் செய்யப் போகும். தந்தி வருமுன்பே மூட்டை போய்விட்டது.

வேலை முடிந்து தினமும் வண்ணாரப்பேட்டையில் அவர் கொட்டகைக்குப் போனேன். முதல் நாள் அவர், "தம்பி, இங்க முகம் எல்லாம் கழுவியாச்சு, கண்ணாடி மாதிரி வெறும் பட்டைதான் இருக்கு" என்றார். தொட்டி நிறையப் பார்த்தேன், அப்படித்தான் இருந்தது. ஆறு சுருளின் தலை போய்விட்டது.

ஏழாவது கிடைத்தது. நீங்கள் பிசுபிசுக்கிறது என்று எழுதினீர்களே, அதுதான். கழுவினால் தொட்டியைக் கெடுக்கும் என்று தனியே ஒரு மூலையில் எறிந்திருந்தார். ஒன்பது கட்டம் தேறும். ஒவ்வொன்றிலும் மேல்பாதி உருகி ஓடிவிட்டது. முகம் இல்லை. சிலேட்டு இருக்கிறது: 11 ஜூன் 1943, ஹோர்ட்டன் சமவெளி. அதைப் பிடித்திருக்கும் இரண்டு கையும் இருக்கின்றன. இடது கைச் சுண்டுவிரல் பாதிதான்.

மரைச் சுருள் நான்கையும் விரித்துப் பார்த்துவிட்டேன். 1944 பெப்ரவரி, நவம்பர்; 1945 ஏப்ரல், அக்டோபர். நான்கிலும் மச்சான் முழுசாக நிற்கிறார். கொஞ்சம் கோபமாக. சிரிக்கச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை போலிருக்கிறது.

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். எந்தச் செய்தி எழுதினாலும் சொன்னவர் யார் என்று எழுதுவீர்கள். 'நீங்கினார்' என்று பதிவில் இருந்ததை எழுதினீர்கள். எழுதியது யார் என்று எழுதவில்லை.

அழகுமுத்து


அட்டன்,
3.7.1955

அன்புள்ள தம்பிக்கு,

எழுதியது நான்.

1943 ஜனவரியில் நான் பெரியமட்டம் தோட்டத்துக் கந்தோரில் எழுதுவினைஞன், பேர்ப்பதிவு என் பொறுப்பு. உனக்கு அப்போது பதினாறு வயது, இந்த விவரமெல்லாம் தெரிந்திருக்காது. துரை மாப்பிள்ளையைத் தம் சொந்த வேலைக்கு எடுத்துக்கொண்டார். பெயர் பதிவில் இருக்கட்டும் என்றும் சொன்னார். மலையில் வேலை செய்யாதவன் பெயர் பதிவில் இருக்கக் கூடாது என்று நான் வாதாடினேன். சரியாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு அப்போதே கர்வம். துரை, உன் இஷ்டம் என்று போய்விட்டார். 'பங்களா வேலைக்கு மாறினார்' என்று எழுதியிருக்கலாம். குறிப்புக்கென்று இருந்த கட்டம் அரை அங்குலம். ஒரு சொல்லுக்குத்தான் இடம். 'நீங்கினார்' என்று எழுதினேன். அன்று சாயந்திரம் அவர்கள் வீட்டில்தான் சாப்பிட்டேன்.

மறந்தே போயிருந்தேன். மார்ச் 22ஆம் தேதி அதிகாரி பதிவைத் திருப்பி வைத்தபோது என் எழுத்தை அடையாளம் கண்டேன். வாய் திறக்கவில்லை.

நேற்றுக் காளியாயியைத் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பார்த்துச் சொன்னேன். குடம் நிரம்பி வழிந்தது. அவள் நகர்த்தவில்லை. "மார்ச்சு மாசத்துலேருந்து வாரா வாரம் வந்து டீ குடிச்சிட்டுப் போனீங்களேண்ணே" என்றாள். அப்புறம், "அவருகிட்ட நான் சொல்ல மாட்டேன். எழுதுன கைதான் போய்ச் சொல்லணும்" என்றாள்.

மாப்பிள்ளை கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். நான் முடிக்கும்வரை தீட்டினார். "நான் அன்னைக்கு மலைக்கு வரலதானுங்களே மச்சான். வராதவன் பேர எப்படிப் போடுவீங்க" என்றார். திட்டியிருந்தால் எழுந்து வந்திருப்பேன்.

ஆகஸ்ட் 8ஆம் தேதி நானே சாட்சி சொல்கிறேன். மைத்துனன் சாட்சி தனியே நிற்காது, படங்கள் வேண்டும்.

பொன்னையா


கோடம்பாக்கம்,
21.7.1955

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீங்களும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும். ஐந்து தேதிக்கும் பெரிதாக்கிய படங்கள், ஒன்பது கட்டமுள்ள மூலத்துண்டு, எங்கள் லேபரட்டரி கொடுத்த சான்று, எல்லாம் விநியோகஸ்தர் கையில் கொடுத்துவிட்டேன். 29ஆம் தேதிக்குள் கொழும்பில் கிடைக்கும். மற்றச் சுருள்கள் அடுத்த பெட்டியில் வரும். அத்தனையும் திரும்பி வரும் என்று எழுதிக்கொடுத்தோம். ஆறு தலைகள் வராது. அதை மச்சானிடம் சொல்லிவிடுங்கள்.

நீங்கள் எழுதியதால் நானும் ஒன்றைத் திருத்துகிறேன். மூட்டை போன பிறகுதான் தந்தி வந்தது என்று எழுதினேன். அது உண்மை இல்லை. தந்தி வந்தது ஏழாம் தேதி. மூட்டை போனது ஒன்பதாம் தேதி. இரண்டு நாளும் அது எங்கள் பின்கட்டில், நான் சாப்பிடும் இடத்துக்குப் பத்தடி தள்ளி இருந்தது.

மனு தள்ளுபடியானால் அக்கா இங்கே வருவாள் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். மூன்றாம் நாள் கூடை காலியாக இருப்பதைப் பார்த்ததும் ஓடினேன்.

அழகுமுத்து


அட்டன்,
10.8.1955

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். இங்கே தென்மேற்கு மழை விடவில்லை. விசாரணை நேற்று முன்தினம் காலை பத்து மணிக்குத் தொடங்கி இரண்டரைக்கு முடிந்தது. நான் உள்ளே இருந்து பார்த்ததை எழுதுகிறேன்.

1944, 1945 படங்களை அதிகாரி உடனே ஏற்றார். 1943 ஜூன் படத்தை நெடுநேரம் பார்த்தார். முகம் எங்கே என்றார். உருகிவிட்டது என்று சான்றைக் காட்டினோம். மாப்பிள்ளையின் இடது கையை மேசைமேல் வைக்கச் சொன்னார். படத்தைப் பக்கத்தில் வைத்தார். பிறகு ஒரு வெற்றுச் சிலேட்டை எடுத்துவரச் சொல்லி, அதேபோலப் பிடிக்கச் சொன்னார். மாப்பிள்ளை பிடித்தார். மொட்டைச் சுண்டுவிரல் சட்டத்தின் கீழே, படத்தில் இருந்த அதே இடத்தில் போய் நின்றது.

"இந்தப் படத்தை யார் எடுத்தார்?" என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

"என்னைய எடுத்தது துரைங்க. சிறுத்தைய எடுத்தது நாந்தாங்க."

அதிகாரி அதைச் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் உள்ள மாதங்களை எண்ணினார். எதுவும் பன்னிரண்டைத் தாண்டவில்லை. பிறகு என்னை அழைத்தார். ஏன் 'நீங்கினார்' என்று எழுதினேன், ஏன் முதல் விசாரணையில் சொல்லவில்லை என்று கேட்டார். முதல் கேள்விக்குக் கட்டம் சிறியது என்றேன். இரண்டாவதற்கு மாப்பிள்ளையைத்தான் பார்த்தேன். அதையும் எழுதிக்கொண்டார்.

ஆறு தலைகளைப் பற்றி மாப்பிள்ளையிடம் சொன்னேன். "பாறையில நின்னது பத்தரமா இருக்குதானே?" என்று மட்டும் கேட்டார். உன் படம் அட்டனுக்கு எப்போது வரும் என்று இராயப்பன் ஆள் விட்டுக் கேட்கிறார். பங்களாப் பரணில் இருந்ததால் அது தம் சிறுத்தை என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்.

உன் கடிதத்தில் அந்த இரண்டு நாளைப் பற்றிய பகுதியைக் காளியாயிக்குப் படித்துக் காட்டவில்லை. அது நீ நேரில் வந்து சொல்ல வேண்டியது. நான் சொன்னதுபோல.

தீர்ப்பு பதிவுத் தபாலில் வரும். நவம்பர் 8ஆம் தேதிக்குள் என்று அங்குள்ள எழுதுவினைஞர் சொன்னார். தோட்டத்துக்குத் தபால்பை வருவது காலை பத்தேகாலுக்கு. அந்த நேரத்தில் கந்தோர்ப் பக்கத்து மலையில் கொழுந்து பறிக்கக் காளியாயி கங்காணியிடம் இடம் கேட்டு வாங்கியிருக்கிறாளாம், மாப்பிள்ளை சொன்னார். என்னிடம் அவள் பேசி ஐந்து வாரமாகிறது. அது எப்போது முடியும் என்று சொல்லக்கூடியவர் யாரையும் நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

உன் அண்ணன்,
பொன்னையா